முழுசாகப் படிக்கிற அக்கா

அக்காவுக்கு வடை வாங்கிக் கொடுத்தால் வடைக்கு முன்னால் அதைச் சுற்றி வந்த காகிதம்தான் முடியும். எண்ணெய் குடித்த அந்தத் தாளை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை இறக்கி, இடது மேல் மூலையில் ஆரம்பிப்பார். ஒரு தடவை அது யாரோ ஒரு பிள்ளையின் அறிவியல் நோட்டுத் தாள். "ஒளிச்சேர்க்கைக்குப் பாதி பதில்தான் இருக்கு. மீதிப் பக்கத்துல யாருக்கு வடை மடிச்சிக் குடுத்தாரோ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அதற்குள் வடை ஆறிவிட்டது. அதை நான்தான் சாப்பிட்டேன்.

அக்கா கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர். வீடு சிதம்பரத்தில். அங்கிருந்து பஸ் ஏறி, தோளில் ஒரு கனத்த பையோடு கடலூருக்கு வருவார். நான் வேலை பார்க்கும் கடை கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற கடை. முதலாளி, நான், இன்னும் இரண்டு பேர், மூன்று கம்ப்யூட்டர். அக்காவின் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிதம்பரத்தக்கா என்றுதான் சொல்வோம். அவர் இங்கே வருவது நின்று மூன்று வருஷம் ஆகிறது. ஓசூர் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது எந்தப் பொருளோடு வந்த புத்தகமும் குப்பைக்குப் போயிருக்காது, அது மட்டும் நிச்சயம்.

கம்ப்யூட்டரில் புதிதாக எதைப் போட்டாலும் முப்பது பக்கம் நிபந்தனை வரும் அல்லவா, நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்குவோமே, அந்த முப்பது பக்கத்தையும் அக்கா உருட்டி உருட்டிப் படிப்பார். இங்கிலீஷில் இருந்தால் வரிக்கு அடியில் விரல் போகும், உதடு அசையும்.

"ஒத்துக்கலைன்னா விட்டுடுவாங்களாக்கா?" என்று கேட்பேன்.

"விட மாட்டாங்க. எதுக்கு ஒத்துக்கிட்டோம்னாவது தெரியணும்ல." அப்புறம் எப்போதும் சொல்லும் அந்த வரியைச் சொல்வார்: "யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்காங்கம்மா. ஒருத்தராவது படிக்க வேணாமா?"

இந்தக் குணத்தால் பட்டதும் உண்டு. கடலூரில் இறங்க வேண்டியவர் ஒரு நாள் பாண்டிச்சேரியிலிருந்து போன் செய்தார். பக்கத்து சீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டு வந்திருக்கிறார், இவர் அவர் தோளுக்கு மேலாக அதே செய்தியைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். "மீதி நாலாம் பக்கம்னு போட்டிருந்ததும்மா. அந்த ஆளு நாலாம் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள அரியாங்குப்பம் வந்துடுச்சி." அப்படி என்ன செய்தி என்று கேட்டேன். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றி வந்த லாரி வாய்க்காலில் இறங்கிவிட்டதாம். யாருக்கும் ஒன்றும் இல்லையாம், பழமெல்லாம் பத்திரமாம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் பாண்டிச்சேரி வரை போயிருக்கிறார்.

முதலாளிக்கு ஒரு நாள் மண்டை இடி. மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அக்கா அந்தப் பெட்டியில் மடித்திருந்த தாளைப் பிரித்துவிட்டார். "இருங்க சார். உங்களுக்கு அல்சர் உண்டா? கல்லீரல் எப்படி? கர்ப்பமா இருந்தா டாக்டரக் கேக்கணுமாம், அது உங்களுக்கு வேணாம்." முதலாளி தம்ளரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தாளின் மறுபக்கமும் முடிந்தபோது தலைவலி போய்விட்டதாக அவரே சொன்னார்.

கல்யாணப் பத்திரிகைகளும் அப்படித்தான். ஆல்பம் அட்டையில் பெயர் போடுவதற்காகப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் பெண் பெயர், மாப்பிள்ளை பெயரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். அக்கா அத்தை, மாமா, தாய்மாமன், சின்ன எழுத்தில் இருக்கும் பங்காளிகள் வரை போவார். ஒரு பத்திரிகையில் கிழமை ஒன்றும் தேதி ஒன்றுமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். கல்யாணமே முடிந்து, அந்தப் பெண் வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

"யாருமே நாள் மாத்தி வரலையா?" என்று ஆல்பம் வாங்க வந்த அந்தப் பெண்ணின் அப்பாவை அக்கா கேட்டார்.

"எல்லாரும் சரியாத்தாங்க வந்தாங்க. யாரு பத்திரிகையப் படிச்சிட்டு வர்றாங்க, போன்ல சொன்னதுதான்."

அக்கா பத்திரிகையை எடுத்து, பங்காளிகள் வரை இன்னொரு தடவை படித்தார்.

எல்லாவற்றையும் விட அவர் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் சர்வீஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். பழுது, காரணம், செய்த வேலை, அறிவுரை என்று கட்டம் இருக்கும். மற்ற ஆட்கள் நாலு கட்டத்துக்கும் சேர்த்து 'ஓகே' என்று கோணலாக எழுதிவிட்டுப் போவார்கள். அக்கா முன்பக்கம் நிரப்பிப் பின்பக்கமும் போவார். முதலாளி நின்ற வாக்கில் கையெழுத்துப் போடுவார்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

"நீங்க எழுதினா சரியாத்தாங்க இருக்கும்."

அந்தத் தாள் சுவரில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பிக்குப் போய்விடும். அதைக் குத்துகிற சத்தம் கேட்கும்போது அக்காவின் முகம் லேசாகச் சுருங்கும். நான் கவனித்திருக்கிறேன். பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

என் மானிட்டர் கதை இங்கேதான் வருகிறது.

முதலாளிக்கு ஒரே மகள். சிதம்பரத்தில் படித்தாள். ஆயுத பூஜை அன்று கடையில் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவள் வேலை. ஸ்டேப்ளரைக்கூட விட மாட்டாள். அந்த வருஷமும் வைத்தாள். என் பெரிய மானிட்டரின் அடிச்சட்டத்தில், நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுத்த மாதம், கூடப் படித்த நெல்லிக்குப்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். கிறிஸ்தவக் குடும்பம். தங்கமான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள், முதலாளியைத் தவிர. ஊரில் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் போடுகிற மனுஷர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. "அவ பேச்சு இந்தக் கடையில எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நாங்களும் எடுக்கவில்லை.

போகிக்குக் கடையைத் துடைத்துச் சுத்தம் செய்தோம். மற்ற இரண்டு மானிட்டரையும் பளிச்சென்று ஆக்கிவிட்டு என்னுடையதற்குத் துணியோடு போனேன்.

"அத விடும்மா" என்றார் முதலாளி.

"தூசி ஜாஸ்தியா இருக்கு மொதலாளி."

"விடுன்னா விடு."

அந்த மானிட்டர்தான் பூஜைக்குப் பிறகு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. பூஜைக்குப் பிறகு என்பது இப்போது சொல்கிறேன். அப்போது யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நன்றாக எரிந்துகொண்டே இருக்கும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை திரை இருண்டுவிடும். வலது பக்கம் அடியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் திரும்ப வரும். அமுக்கி அமுக்கி எனக்குக் கை பழகிவிட்டது. வீட்டில் டிவி ஒரு நொடி கறுத்தாலும் என் கட்டைவிரல் எழுந்துகொள்ளும். முதலாளியும் என் பின்னால் நடந்து போகும்போது திரை இருண்டிருந்தால் போகிற போக்கில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவார்.

தை முகூர்த்தங்கள் வந்ததும் ஆல்பம் குவிந்துவிட்டது. ஒரு மணப்பெண்ணின் முகத்துக்குக் கலர் சரிசெய்வதற்குள் நாலு தடவை அவள் இருட்டில் போய்விடுவாள். ஒரு மெக்கானிக் வந்து கேபிளை மாற்றினார். இன்னொருவர் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே எதையோ மாற்றினார். மூன்றாவது ஆள் மானிட்டரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பேனல் போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார். "புதுசெல்லாம் வேணாம்" என்று முதலாளி வெட்டினாற்போல் சொன்னார். செலவுக்குப் பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அக்காவைக் கூப்பிட்டால் ஒரு நாள் போய்விடுமே என்று தள்ளிக்கொண்டே வந்தவள் நான்தான். கடைசியில் நானே போன் செய்தேன்.

மதியம் இரண்டரைக்குத்தான் வந்தார். காலையில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "இந்தப் பக்கம் ரெண்டு மணி வரைக்கும் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்ததே, பாக்கலயா?" என்றார். காலையிலிருந்து ஏன் கரண்ட் இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

மானிட்டரோடு வந்த புத்தகத்தைக் கேட்டார். அலமாரிக்கு மேலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நான் போய் டீ குடித்து வந்தேன், மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினேன். அக்காவின் விரல் ஒரு படத்தில் நின்றிருந்தது.

"ஏம்மா, இதுல ஏழாம் நம்பர்னு போட்டிருக்கறது எங்க இருக்கு?"

படத்தையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தோம். ஏழாம் நம்பர் பொட்டுக்கு அடியில் இருந்தது.

"அது வெளிச்சத்தப் பாக்குற கண்ணு" என்றார். "ரூம்ல வெளிச்சம் எவ்ளோன்னு பாத்துக்கிட்டு, திரைய கூடக் கொறைய எரிய வெக்கும். இப்ப கண்ணு மேல சந்தனம். எல்லாரும் விளக்க அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு இதுவும் தூங்கிடுது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று மெக்கானிக் வந்து போன கதை ஒரு பொட்டில் முடிகிறதே என்று. அக்கா பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்தார்.

"அதுல கை வெக்காதீங்க."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"துடைச்சா ஒரு நிமிஷம் சார். சரியாயிடும்."

"வேற வழி பாருங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அக்கா துணியை மடித்து வைத்தார். மற்ற இரண்டு மானிட்டரையும் பார்த்தார், சுத்தமாக இருந்தன. என்னுடையதைப் பார்த்தார். "யாரு வெச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். நெல்லிக்குப்பத்தையும் சொன்னேன். ஐயோ பாவம் என்பார், அல்லது இந்தக் காலத்திலுமா என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு மானிட்டர் கம்பெனியின் வலைப்பக்கத்தைத் திறந்து திரும்பவும் படிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கண்ணை மெனுவில் அணைத்துப் பார்த்தார், அப்படியும் திரை இருண்டது. மறுபடி படித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முதலாளி திரும்பி வருவதற்குள் நைசாகத் துடைத்துவிட்டு, தானாக உதிர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சொன்னேன்.

"உதிர்ந்துடுச்சின்னு சொன்னா அவரு தாங்குவாரா?" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளி படியேறி வரும்போது அக்காவின் விரல் ஒரு வரியில் நின்றது. "எழுதியிருக்காங்கம்மா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன புரோகிராம் ஓடுகிறதாம், ஃபர்ம்வேர் என்று பெயராம். அதைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு வெளிச்சமே வராவிட்டால், கண்ணை அணைத்து வைத்திருந்தாலும், திரை இருண்டுவிடுகிறது. இந்தப் புதுப்பிப்பில் அதைச் சரிசெய்துவிட்டோம் என்று ஒரே ஒரு வரி. அடுக்கடுக்காக இருந்த குறிப்புகளில் பதினேழாவது.

"அவுங்களுக்கு எப்படிக்கா நம்ம பொட்டு தெரியும்?"

"அவுங்க ஊர்ல ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க."

பிறகு முதலாளியை உட்கார வைத்து எச்சரிக்கைப் பகுதி முழுவதையும் அவருக்குத் தமிழில் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனாலோ, கேபிள் கழன்றாலோ, பட்டனை அமுக்கினாலோ மானிட்டர் திரும்ப உயிர் பெறாது, அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை.

"ரெண்டு வழி சார். துடைச்சா ஒரு நிமிஷம், ஒண்ணும் ஆவாது. அப்டேட் போட்டா பதினோரு நிமிஷம், பொட்டு அப்படியே இருக்கும். ஆனா நடுவுல ஏதாவது ஆச்சின்னா மானிட்டரத் தூக்கிப் போட வேண்டியதுதான். பொட்டோட."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம், சிதம்பரம் என்று கத்துவது கேட்டது.

"அப்டேட்டே போடுங்க" என்றார்.

அக்கா யுபிஎஸ்ஸைச் சோதித்தார். பிளக்கைப் பிடுங்கியதும் ஆறு நிமிஷம் தாங்கியது. மற்ற இரண்டு கம்ப்யூட்டரையும் கழற்றிவிட்டுப் பார்த்தார், ஒன்பது. "மீதி ரெண்டுக்கு வடலூர் ஜோதிதான்" என்று சொல்லி, யுபிஎஸ் திரும்பச் சார்ஜ் ஏறும் வரை எங்களைக் காக்க வைத்தார். அப்புறம் ஒரு கேபிளைச் செருகித் தொடங்கினார். ஒரு கோடு மெல்ல நீண்டது. பிறகு திரை இருண்டது.

இருண்டதும் என் கட்டைவிரல் பட்டனுக்குப் போய்விட்டது. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அதே நேரத்தில் என் பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. முதலாளி கை. அதை அக்கா அடித்தேவிட்டார்.

"கையக் கட்டிக்குங்க ரெண்டு பேரும்."

கட்டிக்கொண்டோம். அக்கா பட்டன் மேல் படாமல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காவலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இருட்டுத் திரைக்குக் கீழே அந்தக் காய்ந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாவது நிமிஷத்தில் டியூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. ஃபேன் இறங்கி மறுபடி ஏறியது. முதலாளியின் வாயிலிருந்து மகள் பெயர் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, எனக்குக் கேட்டது. அந்தக் கடையில் மூன்று மாதமாக யாரும் சொல்லாத பெயர்.

பதினோராவது நிமிஷமும் தாண்டிக் கொஞ்சம் கழித்து வெளிச்சம் வந்தது. பாதி கலர் சரிசெய்த மணப்பெண் சிரித்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். இருளவில்லை.

அக்கா ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார், இரண்டு பக்கமும் நிரப்பினார். முதலாளி பேனாவை எடுத்தார். அக்கா தாளை விடவில்லை.

"இன்னைக்கு மட்டும் படிச்சிட்டுப் போடுங்க சார்."

படித்தார். அவருடைய விரலும் வரிக்கு அடியில் போவதை அன்றுதான் பார்த்தேன். பின்பக்கம் திருப்பினார். அங்கே நின்றுவிட்டார். வெகு நேரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். தாளைக் கம்பியில் குத்தவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் சாயந்திரம் முதலாளி என்னிடம் வந்து, "ஏம்மா, நெல்லிக்குப்பம் பஸ் எத்தினி மணிக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டார். கடலூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிறது.

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு மொதலாளி."

"ஓகோ" என்றார், புதுச் செய்தி கேட்டவர் மாதிரி. அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். எங்கே போனார், என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குள் அக்கா ஓசூர் போய்விட்டிருந்தார். மகள் வந்திருந்தாள். அவள் புருஷன் பொரிக் கவரைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஃபேனுக்கு அடியில் நின்றான். பழைய பொட்டு பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தது. அவள் அதே இடத்தில், இன்னும் பெரிதாக, ஏழாம் நம்பர் மேலேயே அப்பினாள். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். எரிந்துகொண்டே இருந்தது.

நோட்டு, ரசீதுப் புத்தகம் எல்லாம் பூஜையில் அடுக்கியிருந்தது. முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். மடிப்பில் கிழிந்து, சலோ டேப் ஒட்டியிருந்தது. மகள் அதற்கும் பொட்டு வைக்க விரலைக் கொண்டு போனாள்.

"இது என்னாப்பா?"

"சர்வீஸ் ரிப்போர்ட்டு. படிச்சிட்டு வெய்யி. முழுசா."

அவள் ஒரு கையில் சந்தனக் கிண்ணத்தோடு படிக்க ஆரம்பித்தாள். கடைசியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று முதலாளியின் தோளுக்கு மேலாக நானும் படித்துவிட்டேன், அக்காவின் பழக்கம் தொற்றிக்கொண்டது. அறிவுரை என்ற கட்டத்தில், யுபிஎஸ் பேட்டரி, கேபிள், எலித் தொல்லை எல்லாவற்றுக்கும் பிறகு, அக்காவின் நிதானமான கையெழுத்தில் இருந்தது: 'பொட்டு தொடப்படவில்லை. ஆனால் நாளாக நாளாகத் தானே உதிர்ந்துவிடும். அதற்குள் வைத்தவரை வரவழைத்துப் புதிதாக வைக்கச் சொல்லவும். மானிட்டர் தாங்கும்.'

அவள் பின்பக்கம் திருப்பினாள். தட்டில் சூடம் எரிந்து அணைந்துவிட்டது. முதலாளி இன்னொரு கட்டியை வைத்தார், பற்ற வைக்கவில்லை. அவள் படித்து முடிக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.